பால்குடி மறக்கும் வரை

“துணி பொண்ணோடது, அளவு அம்மாவோடது.” மஸ்தான் பாய் உள்ளறையில் இருந்த மனைவியிடம்தான் அதைச் சொன்னார். தையல் மிஷின் சற்றே நின்ற இடைவெளியில் சொன்னதால் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவின் காதிலும் விழுந்துவிட்டது. கேலியாகச் சொன்ன மாதிரி இல்லை. கையில் இருக்கும் வேலையைப் பார்த்துத் தோன்றியதைச் சொல்லிவிட்டு அவர் மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டார். அவளுக்குள் மட்டும் அது நூல் சிக்கிய ராட்டை மாதிரி அதே இடத்தில் நின்று திணறிக்கொண்டிருந்தது. சரியாகத்தானே சொல்கிறார். நர்சிங் பள்ளியில் முதல் வருஷப் பிள்ளைகளுக்கென்று கொடுத்த நீலக் கட்டம்போட்ட துணி. அதே துணியில் தைத்த வேறு சில கோட்டுகள் கடைக் கம்பியில் தொங்குகின்றன, எல்லாம் தோள் குறுகி, இடுப்பு ஒடுங்கி, நேற்றுத்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உடம்புகளுக்கானவை. அவளுடையது மேஜைமேல் பக்கத் தையல் பிரிக்கப்பட்டுக் கிடக்கிறது. சற்று முன் போட்டுப் பார்த்தபோது நெஞ்சுக்கு நேரே பொத்தான் சேரவில்லை. போன தடவை அளவெடுத்தது பாயின் மனைவி பாத்திமுத்து. டேப்பைச் சுற்றிவிட்டுக் கொஞ்சம் நிதானித்து, “பால் குடுக்கிறியாம்மா? அப்ப கொஞ்சம் தாராளமா வெக்கட்டா?” என்று காதோரம் கேட்டாள். “இல்லக்கா, நிறுத்திருவேன். ஒட்டியே வைங்க” என்று இவள்தான் சொன்னாள். இன்னும் வந்து சேராத ஓர் உடம்புக்கு அளவு கொடுத்திருக்கிறாள். வந்து சேர்ந்திருப்பது வேறு. காலையிலிருந்து பால் கட்டிக் கல்லாகிக் கிடக்கிறது. கையைத் தூக்கினால் அக்குள்வரை இழுக்கிறது. ரவிக்கைக்குள் மடித்துவைத்த துண்டு ஈரமாகி, காய்ந்து, மறுபடி ஈரமாகி, அதன் புளித்த வாடை அவளுக்கே எழும்பி வருகிறது. பக்கத்து ஸ்டூலில் யாரும் உட்கார வந்துவிடக் கூடாது என்று பையைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். திங்கட்கிழமை காலையில் ஹாஸ்டலுக்குப் போக வேண்டும். இன்றைக்குச் சனிக்கிழமை. இதற்குள் உடம்பு மறந்துவிடுமா? பிள்ளை செல்வின் மறந்துவிடுவானா? எது முதலில் மறக்கும்?

நேற்று ராத்திரி வேப்பிலையை அரைத்துக் கொடுத்தது புஷ்பம் மதினி. கணவனின் அக்காள், அந்த வீட்டில் எதையும் எடுத்துச் செய்கிற ஆள். “நல்லாக் கெட்டியாப் பூசு. ஒரு வாய் வெச்சான்னா ஓடிருவான்” என்றாள். ஜெசிந்தா பூசிக்கொண்டு பாயில் படுத்தாள். செல்வின் வழக்கம்போல மேலே ஏறி விழுந்து வாயை வைத்தான், எடுத்தான். முகம் கோணியது. அழுவான் என்றுதான் பார்த்தாள். அவன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான், அம்மாவுக்கு ஏதோ அழுக்கு பட்டுவிட்டது என்பது போல. பிறகு தன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்துப் பதமாகத் துடைத்தான். துடைத்துவிட்டுக் குடித்தான். கசப்பு போகாமல்தான் இருந்திருக்கும், நடுநடுவே ஒரு கண்ணைச் சுருக்கினான். ஆனாலும் குடித்தான். வாசலில் நின்று பார்த்த மதினி, “இது இப்பிடி ஆகாது. நீ அவன் கண்ணுலயே படக்கூடாது. சத்தம்கூடக் கேக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் இன்று விடிவதற்குள் எழுந்து வெளியே வந்தாயிற்று. கோயிலில் பூசை முடியும்வரை கடைசிப் பெஞ்சில் இருந்தாள். பிறகு ஹாஸ்டலுக்கு வாளி, பூட்டு, கொடிக்கயிறு வாங்கக் கடைத்தெருவில் சுற்றினாள். வாங்கியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மத்தியானத்திலிருந்து இங்கே. சாயங்காலம் எதிர்வீட்டு ராக்கம்மாக்கா வீட்டில் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். தன் வீட்டுக்கு எதிரில், தெரு அகலம் தள்ளி, ஒளிந்துகொண்டு. ஒளிவது புதிதா என்ன? அவள் வேலை பார்த்த நர்சிங் ஹோமில் ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் சான்றிதழ் இல்லாத நாலு பேரையும் டாக்டரம்மா ஸ்டோர் ரூமில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார். குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளுக்கும் பஞ்சுக் கட்டுகளுக்கும் நடுவில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். வெளியே வார்டில் ஏதாவது ஒரு தாய், “அந்த ஜெசி சிஸ்டர எங்க? அவங்க ஊசி குத்துனாத்தான் புள்ள அழுகாது” என்று கேட்டுக்கொண்டிருப்பாள். உள்ளே இருந்து அதைக் கேட்கும்போது ஒரு பக்கம் பெருமையாகவும் ஒரு பக்கம் திருடியைப் போலவும் இருக்கும். ஊரே சிஸ்டர் என்று கூப்பிடும். ஆனால் சிஸ்டர் இல்லை. புதிதாகப் படித்து வந்த பெண், இவள் தங்கச்சி வயசு, “அக்கா, அந்த ட்ரேயைக் கொஞ்சம் பிடிங்களேன்” என்றாள் ஒருநாள், மரியாதையாகத்தான். பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டரம்மாவும் மரியாதையாகத்தான் சொன்னார். “வயசு இருக்கு இன்னும். போய்ப் படிச்சிட்டு வந்துரு ஜெசிந்தா. இனிமே இப்படி வெச்சுக்க என்னால முடியாது.” போய்ப் படிச்சிட்டு வந்துரு. கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்கி வந்துரு என்பது மாதிரி.

எதை வைத்துப் படிப்பது என்று புருஷன் அருளப்பன் கேட்கவே இல்லை. லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வடக்கே எங்கோ ரோட்டில் இருப்பான். வந்தால் தூங்குவான், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போவான். படிப்பைப் பற்றிச் சொன்னபோது தலையைச் சொறிந்தான். அந்தச் சொறிதலுக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும், கையில் இல்லை என்று அர்த்தம். அப்போதுதான் அடுப்படியிலிருந்து மதினி சொன்னாள். இருபது வருஷத்துக்கு மேல் நூல் மில்லில் வேலை பார்த்துக் கணக்கு முடித்துக்கொண்டு வந்த பணம் பேங்கில் அப்படியே கிடக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம் என்று. “பிள்ளைய நான் பாத்துக்கிறேன், நீ படி” என்றாள். இல்லை, “நீ படி, பிள்ளைய நான் பாத்துக்கிறேன்” என்றாளா? இந்த இடத்துக்கு வந்தாலே ஜெசிந்தாவுக்கு நின்றுபோகிறது. எது முதலில் வந்தது? முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மதினியின் விரல், முறத்தில் விழுந்த இலை, எல்லாம் நினைவிருக்கிறது. அந்த வாக்கியம் மட்டும் ஒரு நாள் ஒரு மாதிரி நினைவுக்கு வருகிறது, மறுநாள் வேறு மாதிரி. எப்படிச் சொன்னால் என்ன, ஒன்றுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சொல்லிக்கொண்டே மறுபடி அதைச் சொல்லிப் பார்ப்பாள். மதினி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். கல்யாணமாகிப் போன இடத்தில் பிள்ளை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், கொண்டுபோன பித்தளைக் குடத்தைக்கூடத் தராமல். அதற்குப் பிறகு மில்லும் இருமலும்தான். ஜெசிந்தாவுக்கு வருஷக்கணக்கில் பிள்ளை தங்காமல் இருந்தபோது ஊரில் யாரெல்லாமோ என்னென்னவோ சொன்னார்கள். ஒரு வார்த்தை சொல்லாதது மதினி ஒருத்திதான். பிறகு செல்வின் பிறந்தான். பிரசவ அறைக்கு வெளியே முதலில் வாங்கியது மதினியின் கை. துணியில் சுற்றிக் கொடுத்த பிள்ளையை வாங்கி முகர்ந்துவிட்டு, யாரிடமும் கொடுக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாளாம். அருளப்பன் அதைச் சொல்லிச் சிரிப்பான். ஒருநாள் ஜெசிந்தா வேலை முடிந்து சீக்கிரம் வீட்டுக்கு வந்தபோது மதினி பிள்ளையை மடியில் போட்டு அவன் நகத்தைப் பல்லால் கடித்துக் கடித்து எடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நகவெட்டி இருக்கிறது. ஜெசிந்தாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் சட்டென்று அவன் கையை விட்டுவிட்டாள். அந்தக் கையை விட்ட வேகம்தான் உறுத்தியது. பல்லால் கடித்தது ஒன்றும் இல்லை. ஏன் விட வேண்டும்?

உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு பாத்திமுத்து வந்தாள், நூல்கண்டோடு. “பக்கத்துல தாராளமாத் துணி விட்டிருக்காரு, இல்லன்னா வம்பாப் போயிருக்கும். இன்னும் செத்த நேரந்தான்.” பாய் மிஷினை நிறுத்தாமலே, “நான் எப்பவும் விட்டுத்தான் தைப்பேன். ஆளு இளைச்சு வந்தாலும் சரி, பெருத்து வந்தாலும் சரி, என் கடைக்குத்தானே வரணும்” என்றார். “ஆமா, பெரிய தீர்க்கதரிசி. போன வாரம் தெச்ச ரவிக்கைய எடுத்துக்கிட்டு மேலத்தெருக்காரி சண்டைக்கு வந்தாளே, அது யாரு?” என்றாள் அவள். மிஷின் வேகமாக ஓடியது. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் நெஞ்சு வலித்தது. அந்தச் சமயத்தில்தான் எதிரில் பஸ் ஸ்டாப்பில் ஏதோ ஒரு குழந்தை அழுதது. யாருடையதோ. பெண்ணா பையனா என்றுகூடத் தெரியவில்லை, குடையைப் பிடித்த ஒரு முதுகுதான் தெரிந்தது. ஆனால் உடம்புக்கு அது தெரியாது. ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு இரண்டு பக்கமும் பால் இறங்கியது. வார்டில் தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்தது போல முழங்கையை மடக்கி அழுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. துண்டைத் தாண்டி, ரவிக்கையைத் தாண்டி, சேலைத் தலைப்பில் வட்டமாகப் பரவியது. வார்டில் இப்படி வந்தால்? நீலக் கோட்டில், எல்லோர் முன்னாலும், குழந்தைகள் வார்டில் போட்டுவிட்டால்? அங்கே எந்நேரமும் ஏதாவது ஒன்று அழும். நேர்காணலில் பிரின்சிபால் மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். “பிள்ளை இருக்கா?” “ஒண்ணு மேடம்.” “பால் குடிக்குதா? முதல் வருஷம் எல்லாரும் ஹாஸ்டல்தான். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வீடு. அழுதுட்டு நிக்கக்கூடாது.” “இல்ல மேடம், மறந்துட்டான்.” அத்தனை சரளமாக வந்தது. அந்தப் பொய்யை உண்மையாக்கத்தான் இத்தனை பேரும் பாடுபடுகிறார்கள். மதினி, ராக்கம்மாக்கா, வேப்பமரம், எல்லோரும். அவன் ஒருத்தன்தான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறான்.

பாத்திமுத்து பார்த்துவிட்டாள். கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். சின்ன முற்றம், துவைகல், ஒரு முருங்கை மரம். “அந்த மரத்து மூட்டுல பீச்சி விட்டுட்டு வா. கால் மிதிபடுற எடத்துல விட்டுறாத, எறும்பும் ஏறக்கூடாது. வலி கொஞ்சம் அடங்கும். ரொம்ப எடுத்துறாத, எடுக்க எடுக்கச் சுரக்கும்.” எடுக்க எடுக்கச் சுரக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று கொக்கியை அவிழ்த்தாள். வெள்ளையாகப் பட்டையில் பட்டு வழிந்தது, வெதுவெதுப்பாக, நிறுத்தாமல். இந்நேரம் அவன் தூங்கி எழுந்திருப்பான். எழுந்ததும் கண்ணைத் திறக்காமலே கையால் தடவித் தேடுவான். தடவின இடத்தில் வெறும் கோரைப்பாய்தான் இருக்கும். “எம் மூத்தவனும் இப்பிடித்தான்” என்று துவைகல்லில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்தபடி பாத்திமுத்து பேசினாள். “பள்ளிக்கூடத்துப் பையைத் தூக்கிப் போட்டுட்டு வந்து குடிப்பான். அவன் மறக்குறதுக்குள்ள நான் செத்துப் பொழச்சேன். இப்ப வெளிநாட்டுல இருக்கான். போன் போட்டா, அத்தாட்ட குடும்மாங்குறான்.” சொல்லிவிட்டு, மிஷினில் இருக்கும் அவன் தகப்பன் பக்கம் தலையை ஆட்டிச் சிரித்தாள். ஜெசிந்தா பதிலுக்குச் சிரிக்கத் திரும்பவில்லை. மறந்தபிறகுதான் மறந்தது தெரியுமா? கடைசி முறை எது என்று நேற்று ராத்திரி தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருப்பாளே, கை மரத்துப்போகிறது என்று நகர்த்திப் படுக்கவைத்திருக்க மாட்டாளே.

பொத்தான் இப்போது சேர்ந்தது. பாய் கோட்டை மடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. போன் அடித்தது, அருளப்பன். பின்னால் காற்றும் லாரிகளும். “என்ன ஸ்டாஃப் நர்ஸ் மேடம், டிரஸ் வந்துருச்சா?” என்றான். வந்துருச்சு என்றாள். “பையன் எப்பிடி?” “நான் பாக்கலயே. மதினி பாக்கக்கூடாதுன்னுட்டாங்க.” “அழுதுக்கிட்டிருப்பான். அக்கா இருக்குல்ல, பாத்துக்கிரும். நாளைக்கு ராத்திரி வந்துருவேன். என்ன, சத்தத்தையே காணோம்?” சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். எனக்குப் பயமாயிருக்கு என்று. எதற்குப் பயம் என்று கேட்பான். உன் அக்கா என் படிப்புக்குப் பணம் கட்டுகிறாள், அதற்குப் பதிலாக என்று தொடங்கினால், அந்தப் பதிலாக என்ற வார்த்தைக்குப் பிறகு வரக்கூடிய எதையும் ஒரு மனுஷி இன்னொரு மனுஷியைப் பற்றிச் சொல்ல முடியாது. மதினி எதையும் கேட்கவில்லையே. மதினி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைவிட்டு இறங்கித் தெருவில் நடந்து வருவாள். வாசலில் நிற்கிறவன் அவளைப் பார்த்து, இது யார் என்று பார்த்துவிட்டு, மதினியின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். மதினி அவனை முன்னால் தள்ளி, “அம்மாடா, போ” என்பாள். உண்மையாகவே தள்ளுவாள். அதுதான் தாங்காது. “ஒண்ணுமில்ல, பஸ்ஸு சத்தம்” என்றாள். “சரி வெய்யி” என்றான். படிக்காமல் இருந்துவிடலாமா? இருந்தால் ஸ்டோர் ரூம்கூட இனி இல்லை, வீட்டில் இருக்கலாம். அவன் தானாக மறக்கும்வரை குடிக்கட்டும். பள்ளிக்கூடப் பை மாட்டுகிறவரை. பிறகு பையை மாட்டிக்கொண்டு போய்விடுவான். அவள் யாராக இருப்பாள் அப்போது? ஒரு காலத்தில் சிஸ்டர் மாதிரி இருந்தவள். லாரிக்காரன் பெண்டாட்டி. மதினி கட்டிய பணமும் போகும், நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியுமாக ஒரே அடுப்படியில் கீரை உருவிக்கொண்டு, ஒரே பிள்ளையைப் பார்த்துக்கொண்டு. இரண்டு பக்கமும் யோசித்து யோசித்து ஒரு பக்கமும் போய்ச் சேராமல் கைகாட்டியில் நிற்கும் வண்டி போல மனம் நின்றது. பஸ் போய்க்கொண்டே இருந்தது.

ஊருக்குள் இறங்கும்போது கோயில் மணி அடித்தது, தெருவிளக்கு இன்னும் போடவில்லை. சொந்த வீட்டைக் கடக்கும்போது முக்காட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கச் சுவரை ஒட்டி நடந்தாள், யாரோ துரத்துகிற மாதிரி. ராக்கம்மாக்கா கதவைப் பாதி திறந்து உள்ளே இழுத்தாள். “வா வா, பையை அங்கிட்டு வெய்யி. முகத்தைக் கழுவு. ரசஞ்சோறு இருக்கு.” அப்புறம்தான் அந்தச் சத்தம் கேட்டது. இவ்வளவு நேரம் அதைக் கேட்கக் கூடாது என்று காது மூடிக்கொண்டிருந்ததோ என்னவோ. அம்மா, அம்மா என்று முதலில் சொல்லாக இருந்தது. கேட்கக் கேட்கச் சொல் தேய்ந்து வெறும் சத்தமானது, தொண்டை கிழிகிற, மூச்சு பிடிக்கிற சத்தம். நடுவில் இருமினான். நடுவில் நின்றது. நின்றபோது அவளுக்கு உயிர் போயிற்று. மறுபடி தொடங்கியது. “மத்தியானத்துலருந்து இப்பிடித்தான். சோறும் வாங்கல” என்றாள் ராக்கம்மாக்கா. சொல்லிவிட்டு அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியதால் கையைப் பிடித்துக்கொண்டாள். “போயிறாத. ஒரு நாளைக்குத்தான். இன்னைக்கு நீ போனியன்னா, இத்தனை நேரம் அழுதது வீணாப் போயிரும், நாளைக்கு மறுபடி மொதல்ல இருந்து அழுகணும் அது.” வாஸ்தவம்தான். வார்டில் இருந்தால் இவளே அதைத்தான் சொல்வாள். சரி என்று தலையாட்டினாள். தட்டில் சோற்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள், பிசைந்தாள். பிறகு கை கழுவப் போகிறவள் போல எழுந்து பின்வாசல் வழியாக இறங்கிவிட்டாள். தெருவைச் சுற்றி, சுரைக்கொடிப் பந்தலைக் கடந்து, தன் வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். பார்க்க மட்டும்தான் போகிறேன் என்று கால்களுக்குச் சொல்லியிருந்தாள். உள்ளே நுழைந்துவிட்டால் திங்கட்கிழமை இல்லை என்பது காலுக்கும் தெரிந்திருந்தது. ஜன்னல் கதவு ஒருக்களித்திருந்தது.

மதினி பிள்ளையைத் தோளில் போட்டு அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். டம்ளரில் பால் ஆறிப்போய் ஏடு படிந்திருந்தது. தரையெல்லாம் பிஸ்கட் தூள். “அந்தா பாரு காக்கா, காக்கா தூங்கப் போவுது, நாமளும் போவமா” என்று கரகரத்த குரலில் சொன்னாள். அவன் கேட்கவில்லை, அவள் கழுத்தைத் தள்ளி முதுகை வில்லாக வளைத்தான். டம்ளரை வாயருகே கொண்டுபோனாள், தட்டிவிட்டான். பால் அவள் சேலையில் கொட்டியது. அவள் அதட்டவில்லை. இருமல் வந்தது, பிள்ளையைச் சாய்க்காமல் முகத்தை மட்டும் திருப்பி இருமி முடித்தாள். வெளியே ஜெசிந்தாவின் மார்பு இறுகி, வலித்து, கொட்டத் தொடங்கியது. இரண்டு எட்டு வைத்தால் கதவு. கதவு சாத்தியிருந்ததே தவிரத் தாழ்ப்பாள் போடவில்லை, அதுவும் தெரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மதினிக்கு அதற்குமேல் நடக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் கிடத்தினாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, நெஞ்சு எக்கி எக்கி, கையால் அவள் சேலையைத் தடவித் தேடினான். மதினி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். தலைப்பை விலக்கி, ரவிக்கையின் கீழ்க் கொக்கியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, பிள்ளையின் பிடரியில் கைகொடுத்துத் தூக்கித் தன் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அழுகை நின்றது.